ஜிம்மியோடு மாமல்லபுரம்: மணல், மூச்சு, உப்பு

போன வருஷம் ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரூம்மேட் வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். வீடு செங்கல்பட்டில். வீட்டு நாய் ஜிம்மியை ஒரு நாள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது. அவனுடையது என்றால் எங்கள் மூணு பேருடையதும்தான், ஹாஸ்டல் சட்டம் அப்படி. ஜிம்மி ஒரு லாப்ரடார். வயசு நாலு, எடை 28 கிலோ. பேருக்குத்தான் வீட்டு நாய், உண்மையில் அது அவன் தங்கச்சியோட நாய். பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்த அந்தப் பொண்ணு கார் ஏறும்போது, "அண்ணா, மத்தியானம் தயிர் சாதம் மட்டும் வைங்க. வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று எங்களிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பத்து மணிக்கு எங்களுக்கு போர் அடிக்க ஆரம்பித்தது. "மாமல்லபுரம் போலாமா மச்சான்?" என்று கேட்டது யார் என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. (நான்தான்.) இன்னொரு நண்பனின் கார், ஒரு டென்னிஸ் பந்து, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு. இவ்வளவுதான் எங்கள் பிளான்.

மணலில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நாங்கள் செருப்பு போட்டிருந்தோம். ஜிம்மி நாலு அடி நடந்ததும் ஒரு காலைத் தூக்கியது, அடுத்து இன்னொரு காலை. டான்ஸ் ஆடுதுன்னு ஒருத்தன் வீடியோ எடுத்தான். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சத்தம் போட்டார்: "தம்பி, அது ஆடலப்பா. கால் சுடுது. வாயில்லா ஜீவன். ஈர மணலுக்கு ஓட்டிட்டுப் போ."

ஓட்டிக்கொண்டு போனோம். பந்தை அலைக்குள் எறிந்தோம். லாப்ரடாருக்கு இதைவிட சந்தோஷம் உலகத்தில் கிடையாது. முப்பது, நாப்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் வாய் நிறையக் கடல் தண்ணியோடு பந்தைக் கவ்விக்கொண்டு வந்தது. தாகம் எடுத்து அதுவே அலை நுரையை நக்கிக் குடித்ததையும் பார்த்தோம், சிரித்தோம். முக்கால் மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் தண்ணியாகப் பேதி. அப்புறம் பின்னங்கால் இரண்டும் குடிகாரன் மாதிரி பின்னிக்கொண்டது. எங்கள் பாட்டில் தண்ணி அதற்கு முன்னாலேயே காலி, அதில் பாதி நாங்கள் குடித்தது. 28 கிலோவைத் தூக்கிக்கொண்டு சுடுமணலில் ஓடும்போதுதான் அந்தக் கடற்கரை எவ்வளவு அகலம் என்று தெரிந்தது.

கால்நடை மருத்துவர் மேடம் ட்ரிப் ஏற்றிக்கொண்டே என்ன படிக்கிறீங்கன்னு கேட்டார். மெக்கானிக்கல், மூணாவது வருஷம் என்றோம். "ஹீட் ட்ரான்ஸ்ஃபர்னு ஒரு சப்ஜெக்ட் இருக்குமே, அதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. தாமதமாக எழுதும் பதில்தான் இது. நாயோடு கடற்கரைக்குப் போகிற ஆசை உங்களுக்கும் வரும். வரட்டும். என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்க.

முதலில் மணல். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 1000 வாட், அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு. அது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். காய்ந்த மணலில் துகள்களுக்கு நடுவே காற்று அடைந்திருக்கிறது, காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. அதனால் காய்ந்த மணலின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர் கெல்வின் கணக்கில், 0.2 அல்லது 0.3 வாட் அளவுதான். வந்த சூடு கீழே இறங்க வழியில்லாமல் மேல் தோலிலேயே தேங்குகிறது. காற்று 33 டிகிரியில் இருக்கும்போது மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கையால் நாலு விரல் ஆழம் தோண்டிப் பாருங்க, சில்லென்று இருக்கும். ஈர மணல் கதை வேற. துகள்களுக்கு நடுவே காற்றுக்குப் பதில் தண்ணி, அதனால் வெப்பம் பல மடங்கு வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே இருக்கும் ஈரமும் ஆவியாகிக்கொண்டே சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரியில் கடத்தல், ஆவியாதல் ரெண்டு சாப்டரும் அடக்கம்.

ஒரு சந்தேகம் வரலாம். 55 டிகிரி இரும்புத் தகட்டில் கை வைத்தால் உடனே இழுத்துக்கொள்வோம், அதே சூட்டில் இருக்கும் மணல் ஏன் அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை? மணல் துகள் தன்னிடம் உள்ள சூட்டைக் கொடுத்துவிட்டால், உள்ளேயிருந்து அடுத்த சூடு வந்து சேர நேரமாகும். அதனால் ஒரே இடத்தில் நின்றால் காலுக்குக் கீழே இருக்கும் மணல் கொஞ்சம் ஆறிவிடும். ஆனால் நடக்கும் நாய்க்கு ஒவ்வொரு அடியும் புது மணல், புது சூடு. பாதத்துக்கு அடியில் இருக்கும் கருப்பு மெத்தை தடிப்பானதுதான், செருப்பு அளவுக்குத் தடிப்பு இல்லை. வீட்டு டைல்ஸில் வளர்ந்த நாய்க்கு இன்னும் மென்மையாகவே இருக்கும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுங்க. உள்ளங்கை வேண்டாம், அது காய்ச்சுப் போயிருக்கும். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் நாயை அந்த மணலில் இறக்காதீங்க. பார்க்கிங்கில் இருந்து மணலுக்கு வரும் தார் ரோட்டுக்கும் இதே சோதனைதான், சில நேரம் மணலைவிட அதுதான் மோசம்.

கால் மட்டும் பிரச்சினை இல்லை. நம்ம முகம் மணலில் இருந்து ஐந்தடிக்கு மேலே இருக்கிறது, ஜிம்மியின் வயிறு ஒரு அடிகூட இல்லை. மணலை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. போதாததற்கு மணலே கீழேயிருந்து அடுப்பு மாதிரி அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கும். "கடல் காத்து ஜில்லுனு வருதுல்ல" என்று நாம் சொல்வது நம்ம உயரத்துக்கு மட்டும் பொருந்தும் வாக்கியம்.

அடுத்தது மூச்சு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, ஏன்னா நான் நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதன் கூலிங் சிஸ்டம். நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்கும் மூச்சு 200-ஐத் தாண்டிவிடும். வாய், மூக்கு, நாக்கு எல்லாவற்றிலும் உள்ள ஈரம் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேணும், அதை நாயின் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நல்ல டிசைன்தான். ஆனால் வெளிக்காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாயின் மூச்சு 38 டிகிரியில் முழு ஈரத்தோடு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நீராவியின் அழுத்தம் சுமார் 6.6 கிலோபாஸ்கல். உதாரணத்துக்கு மதுரையில் ஒரு மத்தியானம்: 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். உள்ளே இழுக்கும் காற்றில் நீராவி அழுத்தம் 1.75. அதே நேரம் மாமல்லபுரத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 3.8. வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு மூச்சில் எடுத்துச் செல்லும் ஈரம். மதுரையில் 4.85, கடற்கரையில் 2.8. அதாவது ஆறு டிகிரி குறைவான வெயிலில் நிற்கும் கடற்கரை நாய்க்கு, ஒவ்வொரு மூச்சும் மதுரை நாயின் மூச்சில் 60 சதவீத வேலையைக்கூடச் செய்யவில்லை. அதுக்காக நாயை மதுரை வெயிலில் நிறுத்தச் சொல்லவில்லை. தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீங்க, காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பாருங்க. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த மூச்சு வழியே குறுகல், அவற்றோடு வெயில் நேரத்தில் கடற்கரை வேண்டவே வேண்டாம். சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான, குட்டை முடி நாட்டு நாய்கள் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான்.

நாயின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி சொச்சம். நமக்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதும் அளவு அது. 41-ஐத் தொட்டால் ஆபத்து. ஈறு செங்கல் மாதிரி சிவப்பது, எச்சில் கெட்டியாகி நூல் நூலாகத் தொங்குவது, கூப்பிட்டால் திரும்பாமல் ஒரே பக்கம் வெறிப்பது, தள்ளாடுவது, இவையெல்லாம் அடையாளம். அப்போது செய்ய வேண்டியது: முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று. நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய நல்ல தண்ணியை ஊற்றி விசிறணும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது, கொஞ்ச நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணி புகட்டவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

எங்களுக்கு அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் உப்பால் என்று மேடம் சொன்னார். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம். ரத்தத்துக்கு ஒத்துப்போகும் அளவு அந்த 9 தான், கடல் அதைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. 200 மில்லி டம்ளர் கடல் தண்ணியில் ஒரு டீஸ்பூனுக்கும் மேல் உப்பு. ஒரு வாய் குடித்தால் ஒண்ணும் ஆகாது. ஆனால் நாப்பது தடவை பந்து எடுத்து வரும் நாய் எவ்வளவு குடிக்கும்?

பிளஸ் ஒன்னில் படித்த சவ்வூடு பரவல் ஞாபகம் இருக்கா? குடலில் உப்பு அதிகமானால் உடம்பிலிருந்து தண்ணி குடலுக்குள் இழுக்கப்படும். அதுதான் அந்தப் பேதி. தாகம் கூடும், பக்கத்தில் இருப்பது கடல்தான், திரும்பவும் அதையே குடிக்கும். இதுக்குள் ரத்தத்திலும் சோடியம் ஏறிவிடும். அடுத்து மூளை செல்களிலிருந்து தண்ணி வெளியேறி அவை சுருங்கும். தள்ளாட்டம், நடுக்கம், முற்றினால் வலிப்பு, அதற்கு மேலும்.

சரி, நல்ல தண்ணியை நிறைய ஊற்றிச் சரி செய்துவிடலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மேடம் வேகமாகத் தலையாட்டினார். உப்பு ஏறிய நிலைக்கு மூளை கொஞ்சம் பழகியிருக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தின் உப்பைச் சட்டென்று இறக்கினால் தண்ணி வேகமாக மூளை செல்லுக்குள் பாய்ந்து வீங்கிவிடும். அதனால் மெதுவாக, அளந்து, திரும்பத் திரும்ப ரத்தம் பார்த்துத்தான் இறக்கணும். கன்ட்ரோல் சிஸ்டம் படிக்கிறவர்களுக்குப் புரியும்: ஸ்டெப் இன்புட் கொடுக்காதே, ராம்ப் கொடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜிம்மி தலையைத் தூக்கி வாலை ரெண்டு தடவை ஆட்டியது. ரூம்மேட் வெளியே போய் நின்றுகொண்டான். அழுதானான்னு நான் கேட்கவில்லை.

ஆக, பந்து விளையாட்டு ஈர மணலில் மட்டும். பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கொண்டுபோன நல்ல தண்ணியைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. 25 கிலோ நாய்க்கு வீட்டில் சும்மா இருந்தாலே நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை வேணும், கடற்கரைக்கு மூணு லிட்டராவது எடுத்துப் போங்க. மணல் ஒட்டிய ஈரப் பந்தைத் திரும்பத் திரும்பக் கவ்வினால் மணலும் உள்ளே போய்க் குடலில் அடைக்கும், அதையும் மறக்காதீங்க. திரும்பும்போது நல்ல தண்ணியில் விரல் இடுக்கு, காது, வயிறு எல்லாம் கழுவித் துடைக்கணும். காய்ந்த உப்பு அரிக்கும், அது நக்கும், நக்கினால் புண்.

கரையில் கிடப்பதையும் கவனிங்க. வலையிலிருந்து ஒதுக்கிப் போட்ட மீன்களில் பேத்தை இருக்கலாம், பலூன் மாதிரி உப்புமே, அது. அதன் விஷம் சமைத்தாலும் போகாது, நாய்க்கு ஒரு கடி போதும். செத்த மாதிரி கிடக்கும் சொறி மீனும் தொட்டால் கொட்டும். தூண்டில் முள், வலைத் துண்டு, சில நேரம் கடல் பாம்பு. கயிறு கையில் இருக்க இதுவே போதுமான காரணம். இன்னொரு காரணம், குப்பத்து நாய்கள். அந்தக் கடற்கரை அவற்றின் வீடு, நம்ம நாய்தான் வெளியூர்க்காரன். கூட்டமாக வந்தால் ஓடாமல், கத்தாமல், மெதுவாக விலகி வாங்க. ஜிம்மிக்கு ரேபிஸ் ஊசி போட்டிருந்தது, இல்லாத நாயைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணியில் சோப்பு போட்டுப் பதினைஞ்சு நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. நாயைக் கடல் இழுத்துக்கொண்டு போனால் பின்னால் குதிக்காதீங்க. அது உங்களைவிட நல்லா மிதக்கும். கரையிலேயே பக்கவாட்டில் நடந்துகொண்டு கூப்பிடுங்க.

அப்போ வெயில் இல்லாத ராத்திரியில் போயிடலாமே? நாங்களும் இதைத்தான் அடுத்து யோசித்தோம். ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரியில் நம்ம கரைக்கு வேற விருந்தாளி வருகிறது. பங்குனி ஆமை. கரையேறி, ஒன்றரை அடி ஆழம் தோண்டி, நூற்றுக்கும் மேல் முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள். ஜிம்மியின் காலைச் சுட்ட அதே இயற்பியல்தான் இங்கே அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறது: மேலே 50 டிகிரி கொதித்தாலும் மணல் வெப்பத்தைக் கடத்தாததால் ஒன்றரை அடிக்குக் கீழே பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அந்தச் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும், சூடு கூடினால் பெண். ஆனால் நாயின் மூக்குக்கு ஒன்றரை அடி மணல் ஒரு தடையே இல்லை. கரையோரக் கூடுகளுக்கு நாய்கள் பெரிய ஆபத்து. அது தெருநாய் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், கயிறு அவிழ்த்துவிட்ட லாப்ரடாரும் அதே வேலையைத்தான் செய்யும். சென்னையில் ஸ்டூடன்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று 1988-ல் மாணவர்கள் ஆரம்பித்த குழு இன்றைக்கும் சீசனில் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. நம்ம வயசுப் பசங்கதான். ஆமை சீசனில் ராத்திரி போகணும்னு தோணினால் நாயை வீட்டில் விட்டுவிட்டு அவர்களோடு நடங்க.

போகிற வழி பற்றி ரெண்டு வார்த்தை. ரயிலில் நாயை எல்லாப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுசாகப் பிடிக்கணும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு நண்பனின் கார்தான். ஆனால் நிறுத்திய காருக்குள் "அஞ்சே நிமிஷம்" என்று நாயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறும். கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள்ளும் நாயைக் கொண்டுபோக முடியாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959 விதிகள் அப்படி. அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனைக்கெல்லாம் பல்லவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள், ஜிம்மிக்கு இல்லை. ஒருத்தர் வெளியே நிழலில் நாயோடு நிற்கணும், மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜிம்மி படுத்திருந்தது, களைப்பு என்று சமாளித்தோம். ட்ரிப் ஊசி குத்துவதற்காக முன்னங்காலில் ரெண்டு விரல் அகலத்துக்கு முடியை மழித்திருந்தது மட்டும் எங்கள் பொய்யில் இடம்பெறவில்லை. தங்கச்சி அதைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் எங்களைப் பார்த்தாள். மூணு மாசம் அவள் எங்களோடு பேசவில்லை. ரூம்மேட் வீட்டுக்குப் போனால் எனக்குக் காபி வரும், அவள் கொண்டுவந்து கொடுக்க மாட்டாள்.

ஜூலையில் மறுபடி போனோம், அவளும் வந்தாள், அது அவள் போட்ட நிபந்தனை. காலை ஆறு மணிக்கு முன்னாலேயே மணலில் இருந்தோம். நான் இதுவரை எழுதியதை எல்லாம் கார் போகும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் உட்கார்ந்து, புறங்கையை மணலில் வைத்து, சத்தமாக ஏழு வரைக்கும் எண்ணினாள். "ம், போலாம்ண்ணா" என்றாள். ஜிம்மி கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக ஈர மணலுக்கு ஓடியது. அதே பெரியவர் படகில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை, நாயை அடையாளம் தெரிந்தது. "என்னடா, பொழைச்சிட்டியா?" என்றார்.

டென்னிஸ் பந்தைக் காரிலிருந்து எடுக்க அவள் விடவில்லை.